எட்டடிக் கதவு

"ஜோதி, உன்னோட அளவு வேணுமாம்."

அறுபத்தோரு வயதில் தொலைபேசியில் இப்படியொரு பேச்சைக் கேட்க நேரும் என்று ஞானஜோதி நினைத்ததில்லை.

"எதுக்கு? ரவிக்கை தைக்கவா?"

"அய்ய, உன் ஒசரம்மா! கூடுவாஞ்சேரில அந்தப் பொண்ணு நம்ம பழைய கோவிலக் கம்ப்யூட்டர்ல கட்டிகினு கீதே, அது கேக்குது. எந்தப் போட்டோவ எடுத்தாலும் ஓரத்துல நீதான் நிக்கிறியாம். உன்ன வச்சுத்தான் கோவில அளக்கணுமாம்."

பேசியது சாலமோன். ஏரிக்கரை ஆலயத்தின் நூற்றாண்டு விழாக் குழுவுக்குச் செயலாளர். ஞாயிறு வகுப்பில் ஞானஜோதியோடு ஒரே பாயில் உட்கார்ந்தவர். அன்றிலிருந்து இன்றுவரை அவளை அதட்டிக்கொண்டே இருப்பவர்.

ஆலயம் கட்டியது 1907-இல். இரும்புலியூர் ஏரிக்குப் பக்கத்தில், சுண்ணாம்புக் காரையும் சீமை ஓடுமாக இருந்தது. எழுபத்தாறாம் வருடத்து மழையில் தெற்குச் சுவர் சரிந்தது. மிச்சத்தைச் சபையாரே இடித்துவிட்டு அதே இடத்தில் கான்கிரீட்டில் ஒன்றைக் கட்டிக்கொண்டார்கள். பழைய வரைபடத்தை அலமாரியிலேயே கரையான் தின்றுவிட்டது. இப்போது நூறு வருடம் ஆகிறதே, பழைய கோவிலைத் திரையில் காட்டினால் என்ன என்று சாலமோனுக்கு ஆசை வந்தபோது, கையில் இருந்தவை ஒரு மூலைக்கல், ஒரு மணி, முடிச்சூரில் ஒருவர் வீட்டு வாசலில் போய் மாட்டியிருக்கும் தேக்குக் கதவு, அப்புறம் முப்பத்தொரு கல்யாணப் போட்டோக்கள். அந்தக் கதவையும் வீட்டு நிலைக்குத் தோதாக மேலும் கீழும் அறுத்துவிட்டார்கள். அதை வைத்து அளக்க முடியாது.

மறுநாள் ஞானஜோதி தாம்பரத்தில் மின்சார ரயில் ஏறிக் கூடுவாஞ்சேரியில் இறங்கினாள். கீழே பாட்சாவின் ஜெராக்ஸ் கடை. மேலே அவர் மனைவி மெஹர் பானுவின் இரண்டு கம்ப்யூட்டர்கள். நடுவில் பதினெட்டுப் படிகள். முட்டியைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஏறி வந்தவளைப் பார்த்துப் பானு பதறிப்போனாள்.

"அய்யோ அக்கா, சொல்லியிருந்தா நானே தாம்பரம் வந்திருப்பேனே!"

"பரவால்ல. டாக்டர் நடக்கத்தான் சொல்றாரு. ஏறச் சொல்லல, அவ்ளோதான்."

முப்பத்தெட்டு வயதிருக்கும் பானுவுக்கு. அவள் தொழில் மனை போடுகிறவர்களுக்கும் அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்கும் கட்டாத வீட்டைக் கட்டியதுபோலப் படம் செய்து தருவது. ஆலயத்தின் முதல் படத்தைத் திரையில் திறந்தாள். வாசல் படியில் அரைக்கால் சட்டை போட்ட ஒரு வெள்ளைக்காரர் ஓடிக்கொண்டிருந்தார்.

"யாரும்மா இவரு?"

"ஃபிளாட்டுக்குப் போடுற ஆளு அக்கா. எடுக்க மறந்துட்டேன்." பானு நாக்கைக் கடித்துக்கொண்டு அவரை அழித்தாள். "இப்பப் பாருங்க. ஆள் ஒசரம் தெரிஞ்சா கதவு ஒசரம் தெரியும். கதவு தெரிஞ்சா சுவரு, சுவரு தெரிஞ்சா கோபுரம். எனக்கு ஒரே ஒரு ஆள் வேணும். மாப்பிள்ளையும் பொண்ணும் போட்டோவுக்குப் போட்டோ மாறிடுறாங்க. நீங்க மட்டும் இருபத்தாறு போட்டோவுல இருக்கீங்க. என்ன அக்கா, அத்தனை பேரும் உங்க சொந்தமா?"

"சொந்தமெல்லாம் இல்ல. பாடகர் குழுவுல இருந்தேன். கல்யாணத்துல பாடிட்டு வெளிய வந்தா, படியில குரூப் போட்டோ. வாங்க வாங்கன்னு எல்லாரையும் நிக்க வைப்பாங்க."

"அந்தப் போட்டோக்காரருக்கு நான் பிரியாணியே போடுவேன். முப்பத்தொரு கல்யாணத்தையும் ஒரே எடத்துல நின்னு எடுத்திருக்காரு!"

"எதுத்தாப்புல வேப்பமரம். அந்த நெழல விட்டு அவரு வெளிய வரமாட்டாரு."

பானு சிரித்தாள். ஞானஜோதிக்கும் சிரிப்பு வந்தது. எத்தனை நாளாயிற்று இப்படி ஒருத்தியோடு சேர்ந்து சிரித்து என்று நினைத்துக்கொண்டாள். சுவரோரம் நிற்க வைத்துப் பானு நாடா பிடித்தாள். ஐந்தடி ஆறரை.

"வேலைல சேரும்போது மெடிக்கல்ல அஞ்சடி ஏழுன்னு எழுதினாங்க. அப்ப எனக்கு இருபது வயசு."

"அரை இஞ்சு வயசுக்குப் போச்சு. ஏழே வச்சுக்கிறேன். நல்ல ஒசரம் அக்கா நீங்க!"

ஞானஜோதி குனிந்து கைப்பையை எடுத்துக்கொண்டாள்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைதோறும் பத்தரை மணிக்குத் தொலைபேசி அடித்தது. பாடகர் குழு எந்தப் பக்கம் உட்காரும்? ஜன்னலில் கம்பி உண்டா? மணிக்கயிறு உள்ளே தொங்குமா, வெளியேயா? ஞானஜோதிக்கு எல்லாம் தெரிந்திருந்தது. சனிக்கிழமை பெருக்குவதும் ஞாயிறு காலை பூ வைப்பதும் அவள் வேலையாகத்தானே இருந்தது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நாற்பது வருடம் அவள் இணைத்துவிட்ட பேச்சுக்குக் கணக்கில்லை. போன வருடம் ஓய்வு பெற்றபின், சேலையூர் வீட்டில் அவளுடைய தொலைபேசி அடிப்பது சாலமோன் எதையாவது மறந்தால்தான். ஆகவே திங்கட்கிழமை காலை பத்து மணிக்கே குளித்து முடித்து, காப்பியையும் குடித்துவிட்டு, கருவிக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டுக்கொள்வாள். சில பதில்களை வேண்டுமென்றே பாதியில் நிறுத்துவாள்.

"மிச்சத்த யோசிச்சு வைக்கிறேன் பானு. அடுத்த வாரம் கேளேன்."

நான்காவது திங்கட்கிழமை பானுவின் குரல் வேறு மாதிரி இருந்தது.

"அக்கா, ஒரு பேஜாரு. நீங்க இருக்கிற போட்டோ எல்லாத்தையும் அளந்துட்டேன். அறுபத்தொன்பது ஜூன் வரைக்கும் ஒன்பது போட்டோ. அதுல கதவு கரெக்டா எட்டடி வருது. அறுபத்தொன்பது செப்டம்பர்லேந்து பதினேழு போட்டோ. அதுல எட்டரை வருது. ஒண்ணு, கதவு வளந்திருக்கணும். இல்ல, நீங்க குள்ளமாயிருக்கணும். நாலு இஞ்சு."

ஞானஜோதி தொலைபேசியை இடது காதிலிருந்து வலது காதுக்கு மாற்றினாள்.

"மொதல்ல ஹீல்ஸ் போட்டிருப்பேன். அப்புறம் விட்டிருப்பேன்."

"எல்லாரும் வெறுங்காலு அக்கா. படிக்குக் கீழ செருப்பு வரிசையா கெடக்குது."

"அப்படியா."

"ஆமா."

கூடுவாஞ்சேரிச் சாலையில் ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போவது கேட்டது.

"யோசிச்சுப் பாருங்க அக்கா," என்றாள் பானு மெதுவாக. "அவசரமில்ல."

யோசிக்க என்ன இருக்கிறது?

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு ஆராதனையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயமாகியிருக்கிறது, தடை சொல்ல யாருக்காவது காரணமுண்டானால் சொல்லலாம் என்று. அறுபத்தொன்பதாம் வருடம் ஜூலையில் ஞானஜோதியின் பெயரும் செங்கல்பட்டில் வாத்தியாராக இருந்த தேவசகாயத்தின் பெயரும் வாசிக்கப்பட்டன. முதல் ஞாயிறு வாசித்தார்கள். இரண்டாம் ஞாயிறு மாப்பிள்ளை வீட்டாரும் ஆராதனைக்கு வந்திருந்தார்கள். முடிந்து வெளியே வந்தபோது அவளும் அவரும் படியில் பக்கத்தில் பக்கத்தில் நின்றார்கள். அதுவரை ஒருவரையொருவர் உட்கார்ந்த நிலையிலேயேதான் பார்த்திருந்தார்கள். மாப்பிள்ளையின் அத்தை சிரித்தாள்.

"பொண்ணு பக்கத்துல நம்ம பையன் சண்டே கிளாஸ் புள்ள மாரி கீறான் பாரேன்!"

எல்லாரும் சிரித்தார்கள். தேவசகாயம் சிரிக்கவில்லை. ஞானஜோதியும் எல்லாரோடும் சேர்ந்து சிரித்தாள், அதுதான் பின்னாளில் அவளை அதிகம் உறுத்தியது.

மூன்றாம் ஞாயிறு போதகர் ஐயா அறிவிப்புகளை வாசித்தார். பெண்கள் ஐக்கியக் கூட்டம் புதன்கிழமை. ஏரிக்கரை வேலிக்குக் காணிக்கை. காகிதத்தை மடித்து வேதாகமத்துக்குள் வைத்தார். அவ்வளவுதான். அவள் பெயர் வரவில்லை. பாடகர் குழு சபையைப் பார்த்து உட்காரும். ஆகையால் அத்தனை முகங்களும் அவளைப் பார்ப்பதை அவள் பார்க்கும்படி ஆயிற்று. அடுத்த பாட்டுக்கு எழுந்து நின்று பாடினாள். ஒரு வரியும் தப்பவில்லை.

செப்டம்பரில் பாடகர் குழுத் தோழி சரோஜினிக்குக் கல்யாணம். படியில் நின்றபோது போட்டோக்காரர் "நெருங்கி வாங்க, நெருங்கி" என்றார். யாரும் அவளைக் குனியச் சொல்லவில்லை. புடவைக்குள்ளே முட்டி தானாக மடங்கியது. போட்டோ எடுத்து முடியும்வரை அப்படியே நின்றாள். அடுத்த கல்யாணத்திலும், அதற்கடுத்ததிலும், பதினேழு கல்யாணங்களிலும். மணப்பெண்ணைப் பார்க்க எடுக்கிற போட்டோவில் ஓரத்தில் நிற்பவளின் முட்டியை யார் பார்க்கப் போகிறார்கள் என்று இருந்தாள். முப்பத்தெட்டு வருடம் கழித்து, வேறு மதத்துக்காரி ஒருத்தி கூடுவாஞ்சேரியில் உட்கார்ந்து அங்குல அங்குலமாகப் பார்ப்பாள் என்று கண்டாளா?

சொல்லாமல் விட்டுவிடலாம். விட்டால் யாருக்கு என்ன நஷ்டம்? சொன்னால், சபையில் பாதிப் பேருக்கு மறந்துபோன அந்த மூன்றாம் ஞாயிறு திரும்ப எழுந்து நிற்கும்.

சாலமோன் அன்று மாலையே கூப்பிட்டார்.

"அந்தப் பொண்ணு இன்னாமோ எட்டடி எட்டரைன்னு கொயப்பினு கீது. நான் சொல்ட்டேன். பதினேழு போட்டோ எட்டரைன்னா மெஜாரிட்டி எட்டரை. முடிஞ்சுது. அதுவுமில்லாம, என் கல்யாணப் போட்டோவுல நானே கீறனே? எழுபத்திரண்டுல என் ஒசரம் அஞ்சடி எட்டு. அத வச்சுப் பாத்தாலும் எட்டரைதான் வருதாம்."

"நீ அஞ்சடி எட்டா?"

"அப்போ! இப்போ வயசுல கொறஞ்சிருச்சு."

"பானு அளந்தாளா?"

"அளந்துச்சு. அஞ்சு நாலு."

"எனக்கு அரை இஞ்சு கொறஞ்சுது. உனக்கு மட்டும் நாலா?"

"ஒவ்வொருத்தர் ஒடம்பு ஒவ்வொரு மாரி," என்றார் சாலமோன் வீறாப்பாக. "ஞாயித்துக்கெழம ஆராதனை முடிஞ்சு கமிட்டி. அந்தப் பொண்ணும் வருது. ஓட்டுப் போட்டுடலாம். கோவில் கொஞ்சம் பெருசாத்தான் இருந்துட்டுப் போவட்டுமே, யாரு வந்து கேக்கப்போறாங்க?"

ஞாயிற்றுக்கிழமை புது ஆலயத்தின் பக்கத்துக் கூடத்தில் ஒன்பது பேர் கூடியிருந்தார்கள். பானு மடிக்கணினியைத் திறந்து சுவரில் படத்தைக் காட்டினாள். எட்டரை அடிக் கதவு. அதற்கேற்ற சுவர். அதற்கேற்ற கோபுரம், முப்பத்துநாலு அடி. படம் நகர்ந்து படியேறி வாசல்வரை போனது. "ஆ!" என்றார்கள் எல்லாரும். உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது. காரைச் சுவரில் பாசி கூடப் பிடித்திருந்தது.

ஞானஜோதி மட்டும் நிலைக்கு மேலே இருந்த கட்டையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

குருத்தோலை ஞாயிறு வந்தால் அந்தக் கட்டையில் ஓலை கட்டுவது அவள்தான். வேறு யாராக இருந்தாலும் ஏணி வேண்டும். அவள் உள்ளறையிலிருந்து ஒரு அடி உயர முக்காலியை எடுத்து வந்து ஏறி நின்று கையை உயர்த்தினால், விரல் நுனி கட்டையின் ஆணியைச் சரியாகத் தொடும். அவளுடைய உயரத்தால் யாருக்காவது ஒரு உபயோகம் இருந்தது என்றால் வருடத்தில் அந்த ஒரு காலைதான். இந்தக் கதவில் அவளுக்கு ஆணி எட்டாது. அரை அடி மேலே, கைக்குக் கிடைக்காமல் நிற்கிறது.

"சரி, கைய தூக்குங்க," என்றார் சாலமோன். "எட்டரைக்கு…"

"எட்டரை இல்ல," என்றாள் ஞானஜோதி.

"இன்னாம்மா?"

"எட்டடிதான். நான் போட்டோவுல முட்டிய மடக்கி நின்னேன். அறுபத்தொன்பது செப்டம்பர்லேந்து எல்லாத்துலயும்."

யாரோ ஒருவர் லேசாகச் சிரித்து நிறுத்தினார். ஒரு நாற்காலி கிறீச்சிட்டது.

"எதுக்கு மடக்கி…" என்று ஆரம்பித்தாள் பொருளாளர் ஷர்மிளா. அவள் பிறந்ததே கோவில் இடிந்த வருடம்.

"போட்டோவப் போடு பானு," என்றாள் ஞானஜோதி. "என் புடவைக் கரையப் பாக்கச் சொல்லு."

பானு, தயாராக வைத்திருந்தவள் போல இரண்டு போட்டோக்களைப் பக்கத்தில் பக்கத்தில் போட்டாள். அறுபத்தாறில் புடவைக் கரை கணுக்காலுக்குமேல் நேராக நின்றது. எழுபதில் அதே உயரக்காரியின் கரை, படியில் மடிந்து மடிந்து குவிந்து கிடந்தது. யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஷர்மிளா மறுபடி வாயைத் திறந்தாள். சாலமோன் கையை உயர்த்தி அவளைத் தடுத்தார். அந்த மூன்றாம் ஞாயிறு ஆண்கள் பக்கம் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தவர் அவர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார்.

"எட்டடின்னு எய்திக்க பானும்மா," என்றார். அப்புறம், "நானும் அஞ்சு நாலுதான். எப்பவும் அஞ்சு நாலுதான். அதையும் எய்திக்க."

கூட்டம் கலைந்தபின் பானு மின்கம்பியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"கரையப் பாத்தன்னிக்கே தெரியும் அக்கா. உங்க விஷயத்த நீங்க சொல்லாம நான் எப்படிச் சொல்றது?" கம்பியைப் பைக்குள் வைத்தாள். "ஏன்னு நான் கேக்கல."

"கேக்காத."

"சரி. ஒரு வேலை பாக்கி இருக்கு. அளவு தெரியறதுக்கு வாசல்ல ஒரு ஆள நிக்க வைக்கணும். இல்லனா பாக்கிறவங்களுக்குக் கோவில் பெருசா சின்னதான்னு புரியாது. எங்கிட்ட இருக்கிறது எல்லாம் வெள்ளைக்காரங்க." மடிக்கணினியை அவள் பக்கம் திருப்பினாள். "இத வெட்டி வச்சிருக்கேன். சரியா பாருங்க."

அறுபத்தாறாம் வருடத்துப் போட்டோவிலிருந்து வெட்டியெடுத்த ஞானஜோதி. இருபது வயது. வெள்ளைப் புடவை, ஒற்றைப் பின்னல், கையில் பாட்டுப் புத்தகம். கூட நின்றவர்கள் ஒருவரும் இல்லாமல், எட்டடிக் கதவுக்கு நடுவில் நேராக நின்றாள்.

"தனியா நிக்கிற மாதிரி இருக்குல்ல? பக்கத்துல யாரையாவது போடட்டா அக்கா?"

ஞானஜோதி கொஞ்ச நேரம் பார்த்தாள்.

"வேணாம். அப்படித்தான் இருந்துச்சு."

நூற்றாண்டு விழாவில் புது ஆலயத்தின் சுவர் முழுவதும் பழைய ஆலயம் எழுந்தது. முந்நூறு பேர் பார்த்தார்கள். வயதானவர்கள் கொஞ்சம் அழுதார்கள். ஆனால் கேட்டதெல்லாம் ஒரே கேள்விதான்.

"இவ்ளோ சின்னதாவா இருந்துச்சு?"

"நம்ம கோவில் பெருசாச்சே! கோபுரம் ஏரிக்கு அந்தாண்டேந்து தெரியுமே!"

"பணத்தக் கம்மியா குடுத்திருப்பாங்க. அந்தப் பொண்ணு சின்னதா கட்டிட்டுப் போயிடுச்சு."

சாலமோன் ஒவ்வொருவருக்கும், "அதான் சரியான அளவு, அதான் சரியான அளவு," என்று சொல்லிக்கொண்டு போனார். ஏன் என்று சொல்லவில்லை. வாசலில் தனியாக நிற்கிற பெண் யார் என்று யாரும் கேட்கவில்லை. ஞானஜோதி பத்தாவது வரிசையில் உட்கார்ந்து, யாராவது கேட்பார்களோ என்று முதலில் பயந்தாள். பிறகு, யாராவது கேட்கமாட்டார்களா என்று இருந்தது.

முடிந்ததும் புது ஆலயத்துப் படியில் குரூப் போட்டோ. புதிய போட்டோக்காரர், டிஜிட்டல் கேமரா, வேப்பமரம் இல்லாததால் வெயிலில் நின்றார். ஞானஜோதி வழக்கம்போல ஓரத்துக்குப் போனாள். முன்னால் சாலமோன்.

"நெருங்கி வாங்க, நெருங்கி."

அவள் முட்டி மடங்கப் பார்த்தது. முடியவில்லை. சுளீரென்று ஒரு வலி தொடைவரை ஏறிற்று. மறுபடி முயன்றாள். அசையவில்லை. நேராகத்தான் நின்றாக வேண்டியிருந்தது.

சாலமோன் திரும்பி அண்ணாந்து பார்த்தார்.

"ஜோதி, என் தலைக்கு மேல உன் தல தெரியுது. கொஞ்சம்…"

"என்னால முடியாது சாலமோன். நீ வேணா ஒரு படி ஏறிக்க."

அவர் ஏறிக்கொண்டார். கேமரா மின்னியது.

பழைய ஆலயத்து வாசல் படத்தைப் பானு பிரதி ஒன்று எடுத்துச் சட்டம் போட்டுக் கொடுத்திருந்தாள். கையைப் பிடித்துக்கொண்டு, "வாங்க அக்கா ஒரு நாள் வீட்டுக்கு. படி ஏற வேணாம், வீடு கீழதான்," என்றாள். அடுத்து ஒரு மனைக்காரர் வேலை காத்திருந்தது. பாட்சா வண்டியை உறுமவிட்டுக்கொண்டு நின்றார். போனாள்.

திங்கட்கிழமை பத்து மணிக்கு ஞானஜோதி குளித்துவிட்டுக் காப்பி குடித்தாள். வேலை முடிந்துவிட்டது, கேட்க ஒன்றும் மிச்சமில்லை என்று தெரிந்திருந்தும், நாற்காலியைத் தொலைபேசிக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். எதிர்ச்சுவரில் எட்டடிக் கதவு. உள்ளங்கை அகலம்கூட இல்லாத அந்தப் பெண், பாட்டுப் புத்தகத்தோடு அவளைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பத்தரை ஆயிற்று. பதினொன்று ஆயிற்று.

"நின்னது போதும்னு ஒக்காரவும் மாட்டே நீ," என்று அவளிடம் சொல்லிவிட்டு, ஞானஜோதி முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். எழுந்தவள் சட்டென்று நடந்துவிடவில்லை. வலி அடங்கும்வரை, யாரும் பார்க்காத அந்த அறையில், முழு உயரத்துக்கு நின்றாள்.